வெளிவராத கேமுக்கு இத்தனை வசவு ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஜிடிஏ 6' என்ற வீடியோ கேமின் வெளியீடு 2026 நவம்பர் 19-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தகவலில் பிழை இல்லை. 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தபோது 2025 என்று சொல்லப்பட்டதும், 2025 மே மாதத்தில் அது 2026 மே 26 என்று மாறியதும், அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் ஆறு மாதம் தள்ளியதும் சரியாகவே தரப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் செய்திக்கு 'ரசிகர்கள் கொந்தளிப்பு' என்று தலைப்பிட்டு, சான்றாகப் பெயரில்லாத நான்கைந்து கமென்ட்டுகளை எடுத்துப் போட்டிருந்தீர்கள். அவற்றில் ஒன்று, அந்தக் கேமை உருவாக்குபவர்களைச் சோம்பேறிகள் என்றது. இன்னொன்றை இங்கே திரும்ப எழுதக் கூசுகிறது. அந்த வரிகளை எழுதியவர்களை 'ரசிகர்கள்' என்ற ஒரே சொல்லால் குறித்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். (கேம் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு என்று எழுதினால் இக்கடிதம் கிரிக்கெட் பக்கத்துக்குப் போய்விடும்.)

நான் கேம் உருவாக்குபவன் அல்லன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பிழைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் டெஸ்டிங் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு செயலி மறுநாள் காலை வாடிக்கையாளர் கைக்குப் போகவிருக்கும் நிலையில், முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குப் புதிதாக ஒரு பிழை கண்ணில் படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்ததைச் சொன்னால் தேதி போகும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும். பணம் கட்டும் பக்கத்தில், பின்செல்லும் பொத்தானை இருமுறை வேகமாக அழுத்தினால் மட்டும் வரும் ஒரு பிழைக்காக ஐந்து நாள் தள்ளிப்போட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. எங்கள் செயலிக்கு நூற்றுக்கணக்கில்தான் பயனர்கள் என்பதால் யாரும் எங்களைக் கொலை செய்வதாக மிரட்டவில்லை. உலகமே காத்திருக்கும் ஒரு கேமின் தேதியைத் தள்ளிவைப்பவர்களுக்கு அந்த நிம்மதி இல்லை.

2016-இல் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் இயங்கும் ஹலோ கேம்ஸ் என்ற சிறு நிறுவனம், 18 என்ற எண்ணுக்குப் பின் பதினெட்டு பூஜ்யம் போட வேண்டிய அளவுக்குக் கோள்கள் கொண்ட 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற கேமை 2013 டிசம்பரில் அறிவித்திருந்தது. 2016 ஜூனில் வரவேண்டிய அது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. ஏறக்குறைய ஏழு வாரம். அதற்கே நிறுவனத்தின் தலைவர் ஷான் மரேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தள்ளிப்போகப்போகிறது என்று முன்கூட்டியே செய்தி வெளியிட்ட பத்திரிகையாளரையும் விட்டுவைக்கவில்லை. கேமை அப்போது அவர்களில் எவரும் ஒரு நிமிடம்கூட ஆடியிருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு காத்திருப்பையும் நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே சேர்ந்து நடத்தும் டீம் செர்ரி நிறுவனம், 2014-இன் இறுதியில், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் கேட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் பேரிடமிருந்து 57 ஆயிரத்துக்கு மேல் திரட்டி, 2017 பிப்ரவரியில் 'ஹாலோ நைட்' கேமை வெளியிட்டது. பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யத்தில், வாளுக்குப் பதில் ஓர் ஆணியை ஏந்திக்கொண்டு சின்னஞ்சிறு உருவம் ஒன்று அலைகிற கதை. பணம் கூடுதலாகச் சேர்ந்தால் இரண்டாவதாக ஒரு பாத்திரத்தையும் ஆடும்படி செய்து தருகிறோம் என்று அப்போதே வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்கு வளர்ந்து வளர்ந்து தனிக் கேமாகி, 'சில்க்ஸாங்' என்ற பெயரில் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. கைக்கு வந்தது 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி. இடையில் ஆறரை ஆண்டுகள்.

இந்த இடைவெளியில் நிறுவனம் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நடத்திய நிகழ்ச்சியில், அங்கே காட்டப்பட்ட கேம்கள் யாவும் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஆடக் கிடைக்கும் என்று சொல்லப்பட, பட்டியலில் சில்க்ஸாங்கும் இருந்தது. பதினோராவது மாதத்தில், கேம் பெரிதாகிவிட்டது, இன்னும் காலம் வேண்டும் என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. பிறகு பழைய மௌனம். எந்த நிறுவனம் எந்த நிகழ்ச்சியை நேரலையில் நடத்தினாலும், பக்கத்தில் ஓடும் அரட்டைப் பகுதி முழுவதும் 'சில்க்ஸாங் எங்கே' என்ற கேள்வியால் நிரம்பி வழிந்தது. ஏமாந்துவிட்டோம் என்பதைக் காட்டக் காத்திருந்தவர்கள் தங்களையே கோமாளிகளாக வரைந்துகொண்டார்கள். அது வேடிக்கையாகத்தான் தொடங்கியது. ஆனால் நான்கு ஆண்டு உழைத்துத் தன் முதல் கேமை அந்த மேடையில் இரண்டு நிமிடம் காட்டக் கிடைத்த ஒருவர், தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் வேறொருவரின் கேமின் பெயர் மட்டுமே மழையாகப் பொழிவதைப் பார்க்க நேர்ந்ததை வேடிக்கை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே கூட்டத்தில்தான், இன்று சில்க்ஸாங் பற்றி எந்தச் செய்தியும் இல்லை என்று அறிவிப்பதற்கென்றே நாள்தோறும் ஒரு வீடியோ வெளியிட்டவரும் இருந்தார். ஆண்டுக் கணக்கில் ஒருநாள் தவறாமல் செய்தார். செய்தி இல்லாததையே செய்தியாக்கிய அந்தப் பொறுமைசாலியையும் 'ரசிகர்' என்கிறோம், தாங்கள் எடுத்துப் போட்ட கமென்ட்டை எழுதியவரையும் 'ரசிகர்' என்கிறோம்.

இறுதியில் 2025 ஆகஸ்டில் டீம் செர்ரியின் ஏரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் ஒரு பேட்டியில் தாமதத்தின் காரணத்தைச் சொன்னார்கள். இணையத்தில் ஆண்டுக் கணக்கில் ஊகித்ததுபோல் உள்ளே சண்டையும் இல்லை, வேலை முடங்கவும் இல்லை. வேலை இன்பமாக இருந்தது, புதிது புதிதாக யோசனைகள் தோன்றின, சேர்த்துக்கொண்டே போனார்கள். முதல் கேம் அதற்குள் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றிருந்ததால் கையைக் கடிக்கும் நிலையும் இல்லை. இவ்வளவுதான். 'திட்டம் கைவிடப்பட்டது', 'பணத்தைச் சுருட்டிவிட்டார்கள்' என்றெல்லாம் எழுதியவர்கள் எவரும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

வெளியான அன்று எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை. மறுநாள் மீலாது நபி விடுமுறை என்பதால், பொறியியல் முதலாண்டு படிக்கும் என் அக்கா மகன் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டான். நம் நேரப்படி மாலை ஏழரைக்கு வெளியீடு. ஏழேகாலுக்கே கணினி முன் உட்கார்ந்தவன், ஏழரை ஆனதும் வாங்கும் பொத்தானை அழுத்த, கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் பிழைச் செய்தி காட்டியது. மறுபடி அழுத்தினான். வெற்றுப் பக்கம் வந்தது. கூடையில் கேம் விழுந்தது, பணம் கட்டப் போனால் கூடை காலியானது. உலகம் முழுக்க அந்த நேரத்தில் ஸ்டீமும் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகளும் கூட்டம் தாங்காமல் தடுமாறிக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழே முக்கால் ஆவதற்குள், நான்கு ஆண்டாகத் தன் அறைச் சுவரில் அந்தக் கேமின் படத்தை ஒட்டி வைத்திருந்த பையன், கைப்பேசியில் அடிலெய்டுக்காரர்களைத் திட்டி ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தான். "ஏண்டா, கடை கதவு திறக்கலைன்னா பலகாரம் சுட்டவனைத் திட்டுவியா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுதியதை அனுப்பவும் இல்லை. கேம் கிடைத்தபோது மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு அவனுக்கு யாரையும் திட்ட நேரம் இருக்கவில்லை.

அவனைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பையனுக்குப் பதினைந்து நிமிடத்தில் அன்பு வசவாக மாறுவது இயல்பு, அடங்குவதும் இயல்பு. இடையில் அந்த வசவை எடுத்து, தலைப்பிட்டு, அச்சிட ஒருவர் காத்திருந்தால்தான் அது 'கொந்தளிப்பு' ஆகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட: எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றப்பட்டதே இல்லையா? உண்டு. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' அப்படிப்பட்டது. 2012-இல் அறிவிக்கப்பட்டு, 2020 ஏப்ரல் 16 என்று தேதி குறிக்கப்பட்டு, பிறகு செப்டம்பர் 17, நவம்பர் 19, டிசம்பர் 10 என்று மூன்று முறை நகர்ந்தது. மூன்றாவது ஒத்திவைப்பு அக்டோபர் 27-ஆம் தேதி வந்தது. கேம் முடிந்துவிட்டது, அச்சுக்குப் போகிறது என்ற பொருளில் நிறுவனமே அறிவித்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இனி மாற்றமில்லை என்று ஒரு ரசிகருக்கு அதன் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து பதில் சொன்னதோ அதற்கு முந்தைய நாள். கோபம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது? கேமை வடிவமைத்தவர்களில் ஒருவர், தமக்கும் உடன் பணிபுரிபவர்களுக்கும் கொலை மிரட்டல்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று வெளிப்படையாக எழுத நேர்ந்தது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊழியர்களுக்கே, தேதி மாறிய தகவல் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்ட அதே நேரத்தில்தான் மின்னஞ்சலில் வந்தது என்று செய்திகள் வெளியாயின. தேதியைக் குறித்தவர்கள் மேலே இருந்தார்கள், திட்டு வாங்கியவர்கள் கீழே இருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றளவும் விளங்காதது. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு, கேமின் ஒரு காட்சியில் வேகமாக மினுங்கும் விளக்குகள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானவை என்று ஒரு பெண் விமர்சகர் எச்சரித்து எழுதினார். ஆடும்போது அவருக்கே வலிப்பு வந்திருந்தது. அவருக்குக் கிடைத்த பதில், அதே போல் மினுங்கும் வீடியோக்கள். வலிப்பை வரவழைக்கும் நோக்கத்தோடு அவருக்கே அனுப்பினார்கள். இன்னொரு விமர்சகர் பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுத்ததற்காக வசைபாடப்பட்டார். ஏழு என்பது நல்ல மதிப்பெண் என்று பள்ளியில் படித்த எவருக்கும் தெரியும். அன்றைக்கு மதிப்பெண் குறைத்தவர்களைத் திட்டிய எவர் கையிலும் கேம் இல்லை. டிசம்பர் 10-ஆம் தேதி வந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கருவிகளில் கேம் ஓடாமல் திணறியது. பாத்திரங்கள் அந்தரத்தில் நின்றன, முகங்கள் முழுமையாகத் தெரியாமல் மங்கின. விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தரப்பட்டது கணினிக்கான பதிப்பு மட்டுமே என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. மீண்டும் அங்கே விற்பனைக்கு வர 2021 ஜூன் வரை ஆயிற்று.

ஆக, முன்னதாகவே கோபப்பட்டவர்கள் சரியாகத்தான் கோபப்பட்டார்கள் என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியீட்டுக்கு முன் அவர்கள் கோபப்பட்டது தள்ளிப்போனதற்காக. அந்தக் கேமுக்கு நேர்ந்த குறையோ போதிய அளவு தள்ளிப்போகாதது. எச்சரித்தவரைத் துரத்தினார்கள், எச்சரிக்கையோ உண்மையாக இருந்தது. 80 லட்சம் பேர் பார்க்காமலேயே முன்பதிவு செய்து பணம் கட்டியிருந்த நிலையில், குறை சொல்ல வேண்டிய நேரத்தில் குறை சொல்லும் உரிமையை நாமே கைகழுவிவிட்டோம். பிறகு ஆண்டுக் கணக்கில் திருத்தி, 2023-இல் கூடுதல் கதையும் சேர்த்து, இன்று 3 கோடிக்கு மேல் விற்று நல்ல பெயரோடு நிற்கிறது அந்தக் கேம். அதற்கு வசவு காரணமில்லை. திருப்பிக் கேட்கப்பட்ட பணமும், இன்ன இடத்தில் இன்னது ஓடவில்லை என்று குறிப்பாகச் சொன்ன ஆயிரக்கணக்கான பிழைப் புகார்களும் அதைவிடப் பொருத்தமான காரணங்களாகப் படுகின்றன. டெஸ்டிங்காரன் என்பதால் அப்படி நினைக்கிறேனோ என்னவோ.

குறிப்பாகச் சொல்வது என்றேன். சில்க்ஸாங் வெளியானவுடன் சீனத்திலிருந்து ஸ்டீம் தளத்தில் பாதகமான விமர்சனங்கள் குவிந்தன. மேலோட்டமாகப் பார்த்தவர்கள் இதையும் வெறுப்புப் பிரச்சாரம் என்றார்கள். ஆனால் அவர்கள் சொன்ன குறை தெளிவானது: எளிய நடையில் சுருக்கமாகப் பேசும் பாத்திரங்களை, சீன மொழிபெயர்ப்பு பழங்கால வீரகதைப் பாணியில் பேச வைத்துவிட்டது, வாக்கியங்களைப் படித்துப் பொருள் கொள்வதே பாடாக இருக்கிறது. தேநீர்க் கடையில் இருவர் பேசும் காட்சிக்குச் செய்யுள் நடையில் வசனம் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவர்கள் பக்க நியாயம் புரியும். நிறுவனமும் அதை ஏற்று, மொழிபெயர்ப்பைச் சீர்செய்வதாக அறிவித்தது. தொடக்கத்தில் வரும் சில எதிரிகள் அளவுக்கு மீறிக் கடினம் என்ற புகாரும் ஓரளவு ஏற்கப்பட்டு, முதல் திருத்தத்திலேயே கொஞ்சம் தளர்த்தப்பட்டது. ஆடிவிட்டுச் சொன்ன குறைகள் இவை. இவற்றுக்கு ஆள் இருக்கிறது, முகவரி இருக்கிறது, பதிலும் கிடைக்கிறது.

ஆடாமல் சொல்லும் குறை எப்படி இருக்கும் என்பதற்குத் தாங்கள் எழுதிய 'ஜிடிஏ 6'-இன் வரலாற்றிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 2022 செப்டம்பரில், உருவாகிக்கொண்டிருந்த நிலையில் திருடப்பட்ட 90 வீடியோக்கள் இணையத்தில் கசிந்தன. சாம்பல் நிறச் சுவர்களும் திரையில் ஓடும் சோதனை எண்களுமாக, கட்டுமானத்தின் நடுவில் சாரத்தோடு நிற்கும் வீடு போல இருந்தன அவை. 'இத்தனை ஆண்டு உழைத்து இவ்வளவுதானா' என்ற ஏளனம் உடனே கிளம்பியது. அதிலும் ஒருவர், கேமில் முதலில் முடிக்கப்படுவது காட்சியமைப்புதான் என்று அடித்துச் சொன்னார். அதைப் பார்த்த பிற நிறுவனங்களின் கலைஞர்கள் எரிச்சல்படாமல் ஓர் அழகான காரியம் செய்தார்கள். விருதுகள் வாங்கிய தங்கள் சொந்தக் கேம்களின் அரைகுறைக் கால வீடியோக்களை எடுத்து வெளியிட்டார்கள். 'கன்ட்ரோல்' கேமின் தொடக்கக் கால வீடியோவில் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தன. 'அன்சார்ட்டட் 4'-இன் புகழ்பெற்ற கார் துரத்தல் காட்சி, வெறும் கட்டைகளுக்கு இடையில் நடந்தது. நூறு விளக்கக் கட்டுரைகள் செய்யாததை அந்தச் சில நொடி வீடியோக்கள் செய்தன.

நிறுவனங்களை நான் தப்பவிடவில்லை. முடிவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும்போதே ட்ரெய்லர் விட்டு, ஒவ்வொரு காட்சியையும் உறைய வைத்து ஆராயத் தூண்டி, அதில் கிளம்பும் ஊகங்களை மறுக்காமல் வளரவிட்டு, அந்தச் சூட்டிலேயே முன்பதிவுப் பணமும் வாங்குபவர்கள், தேதி தள்ளும் நாளில் மட்டும் பொறுமை காக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். நோ மேன்ஸ் ஸ்கையை உருவாக்கியவர்களே, வெளியீட்டுக்கு முன் பேட்டிக்குப் பேட்டி கேமில் இல்லாதவற்றையும் இருப்பதுபோல் பேசி மாட்டிக்கொண்டு, பின்னர் வாயை மூடிக்கொண்டு ஆண்டுக் கணக்கில் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்துத்தான் பெயரை மீட்டார்கள்.

தங்களிடம் நான் கேட்பது மூன்றே. தேதி மாறினால் தேதி மாறியது என்று நான்கு வரியில் எழுதுங்கள். அதை உருவாக்குபவர்கள் மீது பெயரில்லாதவர்கள் எறியும் வசவுகளை 'ரசிகர்கள்' பெயரில் அச்சேற்றாதீர்கள். நவம்பர் 19-க்குப் பிறகு, கேம் உண்மையாகவே வந்துவிட்டால், தங்கள் அலுவலகத்தில் ஆடத் தெரிந்த ஓர் இளைஞரிடம் அதைக் கொடுத்து, இரண்டு வாரம் ஆடிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுதட்டும், முழுப் பக்கமும் தரலாம். என் அக்கா மகன் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தயாராக இருக்கிறான். செமஸ்டர் தேர்வு நேரம் என்பதால் அவன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.